வலப்பக்கத்து எண்கள்

3.1.2020, வெள்ளி

காலை பத்து மணிக்குக் காவல் நிலையம் போனேன். ஆயுத உரிமம் வைத்திருப்பவர்களை எல்லாம் வரச் சொல்லியிருந்தார்கள். சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். இனி ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் இருக்கக் கூடாது. மூன்றாவதை ஒரு வருடத்துக்குள் ஒப்படைத்துவிட வேண்டும். என்னிடம் சரியாக மூன்று.

எழுத்தர் உரிமப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“மூணும் ஜப்பான் பிஸ்டலா சார்?”

“ரெண்டு பிஸ்டல். ஒண்ணு ரிவால்வர்,” என்று திருத்தினேன்.

“சரி, என்ன பண்ணுவீங்க மூணையும் வச்சுக்கிட்டு?”

“ஒண்ணும் பண்ண மாட்டேன். தோட்டாவே கிடையாது. எண்ணெய் போட்டுத் தொடைப்பேன். பாத்துக்கிட்டு இருப்பேன்.”

“அப்ப ரெண்டப் பாருங்க.”

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் கோபம் வந்தது. வரும் வழியில் தண்ணீர் மோட்டாருக்கு வாஷர் வாங்கினேன். வீட்டில் பார்த்தால் அளவு தப்பு.

4.1.2020, சனி

வாஷரை மாற்றி வந்தேன். மோட்டார் இன்னும் முனகுகிறது.

மனைவி மங்கையர்க்கரசியிடம் விஷயத்தைச் சொன்னேன். கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

“எதக் குடுக்கப் போறீங்க?”

“யோசிக்கணும்.”

“யோசிங்க. எங்க அப்பாவோடதப் போலீஸ் ஸ்டேஷன்ல கொண்டுபோய்ப் போட்றாதீங்க. அங்கிட்டுப் போனா துரு புடிச்சே சாகும்.”

5.1.2020, ஞாயிறு

மூன்றையும் வெளியே எடுத்து, மேசையில் பழைய வேட்டியை விரித்து வரிசையாக வைத்தேன். மின்வாரியத்தின் மீட்டர் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தொரு வருடம் இருந்தவன் நான். எழுதிப் பார்க்காமல் எனக்கு எதுவும் விளங்காது. ஆகையால் எழுதிப் பார்க்கிறேன்.

முதலாவது, இருபத்தாறாம் வகை ரிவால்வர். குதிரைப்படைக்காகச் செய்தது. சுத்தியலைக் கட்டைவிரலால் இழுக்கக் கொக்கி கிடையாது, விசையை இழுத்தால்தான் எல்லாம் நடக்கும். சும்மா இருக்கும்போது குண்டுகள் உட்காரும் சிலிண்டர் பூட்டிக்கொள்ளாது, தன் இஷ்டத்துக்குச் சுற்றும். இரண்டு குண்டு சுட்டபின் எதிலாவது உரசினால் அடுத்து எந்த அறை வந்து நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. சண்டைக்குப் போகிறவன் கையில் கொடுக்கிற பொருளை இப்படியா செய்வார்கள்? ஆனால் பக்கத் தகட்டைத் திறந்தால் உள்ளே கடிகாரம் மாதிரி அத்தனை சுத்தமான வேலை. 1993இல் குன்னூரில் ஒரு கர்னலின் மகனிடமிருந்து வாங்கி முறைப்படி உரிமத்தில் ஏற்றியது. இதில் தேதி கிடையாது. அந்தக் காலத்தில் பொறிக்கும் வழக்கமில்லை.

இரண்டாவது, தொண்ணூற்று நான்காம் வகை பிஸ்டல். உலகத்திலேயே மோசமான வடிவமைப்பு என்று இதைத் திட்டாத நிபுணர் இல்லை. இடப்பக்கத்தில் ஒரு நீளமான எஃகுப் பட்டை வெளியே தெரியும்படி கிடக்கிறது. துப்பாக்கி தயார் நிலையில் இருந்தால் விசையைத் தொடவே வேண்டாம். அந்தப் பட்டையை விரலால் அமுக்கினாலே வெடித்துவிடும். எனக்குப் பிரியமானது இதுதான். தன் கோளாறை ஒளிக்காமல் வெளியே போட்டுக்கொண்டு திரிகிறது.

இதன் வலப்பக்கம் 13.8 என்று பொறித்திருக்கிறது. ஜப்பான்காரர்கள் சக்கரவர்த்தி பட்டத்துக்கு வந்ததிலிருந்து ஆண்டு எண்ணினார்கள். நம் கோயில் கல்வெட்டுகளில் இன்ன ராஜாவுக்கு யாண்டு இத்தனை என்று வருமே, அதே வழக்கம். அப்போதைய சக்கரவர்த்தியின் முதல் ஆண்டு 1926. ஆகவே பொறித்த எண்ணோடு இருபத்தைந்தைக் கூட்டினால் நம் கணக்கு வந்துவிடும். பதின்மூன்று என்றால் 1938. புள்ளிக்குப் பிறகு இருப்பது மாதம், ஆகஸ்ட். இந்தக் கூட்டலை நான் வீட்டுக்கு வந்த விருந்தாளி, கேஸ்காரர், எல்.ஐ.சி. ஏஜெண்ட் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன். மங்கை காபி கொடுத்துக்கொண்டே வாயசைப்பாள்.

மூன்றாவது, பதினான்காம் வகை. மாமனார் கருப்பணன் அவர்களுடையது. தோட்டா செருகும் மேகசினில் உள்ள எண் துப்பாக்கி எண்ணோடு பொருந்தவில்லை. மற்றபடி நல்ல நிலை. மீதி விவரம் பிறகு. மங்கை சாப்பிடக் கூப்பிடுகிறாள்.

8.1.2020, புதன்

மோட்டார் மெக்கானிக் வரவில்லை. நாளை வருவதாகச் சொன்னான். நேற்றும் இதையே சொன்னான்.

12.1.2020, ஞாயிறு

மாவட்டத் தலைநகரில் புதிதாக ஒரு போர் நினைவுக் காட்சிக்கூடம் திறக்கப்போகிறார்களாம். அதன் பொறுப்பாளர் எஸ்தர் ராஜாத்தி என்ற அம்மாள் தொலைபேசியில் பேசினார். நேதாஜியின் ஐ.என்.ஏ.வில் இருந்த நம் பகுதி ஆட்களின் பொருள்களைத் தேடுகிறார்கள். மாமனாரின் பிஸ்டலைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். கலெக்டர் அனுமதி எல்லாம் அவர்களே வாங்கிக்கொள்வார்களாம்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். மங்கை பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

“இதுல யோசிக்க என்ன இருக்கு? எப்படியும் ஒண்ணு போகணும். அப்பா பேரப் போட்டுக் கண்ணாடிப் பெட்டில வைப்பாங்க. நாலு பிள்ளைக வந்து பாக்கும். நீங்க அலமாரில பூட்டி வச்சு என்ன புண்ணியம்?”

“தொண்ணூத்து நாலக் குடுக்கலாம்னு பாக்குறேன்.”

“உங்களுக்குக் கிறுக்கா? அது உங்க உசுராச்சே.”

அவள் கண்ணில் நீர் கோத்துவிட்டது. சந்தோஷத்தில்தான். நான் மோட்டாரைப் பார்க்கப் போய்விட்டேன்.

15.1.2020, புதன்

பொங்கல். எஸ்தர் அம்மாளுக்கு மங்கையே போன் செய்து சரி என்று சொல்லிவிட்டாள்.

26.1.2020, ஞாயிறு

குடியரசு தினம். வழக்கம்போல் மங்கை பெண்கள் பள்ளியில் பேசினாள். இருபது வருடத்துக்கு மேல் பேசுகிறாள். அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தபோது டியூட்டி மாற்றிக்கொண்டு வருவாள், இப்போது ஓய்வுபெற்றபின் சாவகாசமாக வருகிறாள். நான் கடைசி பெஞ்சு.

கதை இதுதான். 1944, ஆனி மாதம், பர்மா எல்லை. மழையில் ஆறு பெருகி வருகிறது. ஜப்பானியக் கேப்டன் ஒருவர் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போகிறார். ஐ.என்.ஏ. வீரர் கருப்பணன் குதித்து அவரை இழுத்துக் கரைசேர்க்கிறார். கேப்டன் எழுந்து நின்று, சல்யூட் அடித்து, தன் இடுப்பில் இருந்த பிஸ்டலை அவிழ்த்து அந்தக் கரையிலேயே அவர் கையில் கொடுக்கிறார்.

“இந்தக் கைப்பிடியப் பாருங்க,” என்று மங்கை படத்தை உயர்த்திக் காட்டினாள். “இந்த வகைத் துப்பாக்கியில கைப்பிடிக் கட்டையில குறுக்குக் கோடு கோடா இருக்கும். இதுல ஒரு கோடு கூட இல்ல பாருங்க. அத்தனையும் எங்க அப்பா உள்ளங்கை பட்டுப் பட்டுத் தேஞ்சது.”

பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அந்தப் படம் நான் எடுத்துச் சட்டம் போட்டுக் கொடுத்தது. இடப்பக்கம் தெரிகிற மாதிரி எடுத்தேன். பிஸ்டலுக்கு இடப்பக்கம்தான் அழகு.

29.1.2020, புதன்

மருந்துக் கடையில் காஜா நஜ்முதீனைப் பார்த்தேன். அவனும் பார்த்தான். பார்க்காத மாதிரி இளையான்குடி பஸ்ஸில் ஏறிவிட்டான். பத்தொன்பது வருடமாக இப்படித்தான்.

ஒரு காலத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடுவோம். அவனிடமும் ஒரு பதினான்காம் வகை இருந்தது. அவன் அப்பா, அவன் வாயால் அத்தா, அவரும் ஐ.என்.ஏ.தான். 1942இல் சிங்கப்பூரில் ஒரு ஜப்பான் அதிகாரி பரிசளித்தது என்று சொல்லுவார்கள். 2001இல் மதுரையில் ஒரு ஓட்டல் மாடியில் சேகரிப்பாளர்கள் இருபது பேர் கூடினோம். காஜா அத்தாவையும் அழைத்து வந்திருந்தான். எண்பது வயது, வெள்ளைத் தொப்பி, முன்வரிசை. பிஸ்டல் கைமாறி என்னிடம் வந்தது. வலப்பக்கம் 19.11 என்றிருந்தது. 1944 நவம்பர். இன்னும் செய்யாத துப்பாக்கியை 1942இல் எப்படிப் பரிசளித்தார்கள் என்று நான் எல்லார் முன்னாலும் கேட்டேன். இரண்டு பேர் சிரித்தார்கள். காஜா பிஸ்டலைத் துண்டில் சுற்றிக்கொண்டு அத்தாவைக் கைபிடித்துக் கூட்டிப் போய்விட்டான்.

உண்மையைத்தானே சொன்னேன். மீட்டரில் சீல் உடைந்திருந்தால் அது சொந்தக்காரன் வீட்டு மீட்டராக இருந்தாலும் உடைந்தது என்றுதான் எழுதுவேன். எழுதியும் இருக்கிறேன்.

1.2.2020, சனி

எஸ்தர் அம்மாள் பொருள் அட்டை ஒன்றை அனுப்பியிருக்கிறார். காட்சிக்கு வரும் ஒவ்வொரு பொருளுக்கும் அதை அறிந்தவரே எழுதித் தர வேண்டுமாம். வகை. எண். செய்த ஆண்டு, மாதம். குடும்பத்துக்குக் கிடைத்த விதம், ஆண்டு. கீழே எழுதியவர் கையெழுத்து.

வகை, எண் இரண்டையும் எழுதினேன். பேனா மை தீர்ந்துவிட்டது.

3.2.2020, திங்கள்

வேறு பேனா வாங்கினேன்.

மங்கை கோயிலுக்குப் போயிருந்தபோது பதினான்காம் வகையை எடுத்தேன். வலப்பக்கத்தை மேலே வைத்தேன். பெட்டியில் உப்புத்தாள் இருந்தது, மிக நைசானது. அந்த இரண்டு எண்களும் ஆழமாகப் பொறித்தவை அல்ல. போரின் கடைசியில் அவசரத்தில் அடித்தது. கால் மணி நேர வேலை. துரு அரித்த மாதிரி காட்டிவிடலாம். எப்படிக் காட்டுவது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் இந்த மாவட்டத்தில் கிடையாது, ஏனென்றால் அப்படிக் காட்டியவர்கள் ஆறு பேரை நான் பிடித்திருக்கிறேன்.

தாளை நாலாக மடித்தேன். கேட் சத்தம் கேட்டது. பால்காரர்தான். ஆனாலும் எல்லாவற்றையும் உள்ளே வைத்துவிட்டேன். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

5.2.2020, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினோரு மணிக்கு எஸ்தர் அம்மாள் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் சங்கிலியோடு ஒரு பூதக்கண்ணாடி தொங்கியது. மங்கை கேசரி செய்திருந்தாள். அட்டையில் ஆண்டு வெறுமையாக இருப்பதைப் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்டார்.

“எழுத்து தேஞ்சிருக்குங்க. சரியாப் படிக்க முடியல,” என்றேன்.

“நான் பாக்கலாமா சார்?”

கொடுத்தேன். கொடுக்காமல் இருக்க ஒரு காரணமும் தோன்றவில்லை. அவர் பிஸ்டலை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பிப் பிடித்தார்.

“நல்லாத் தெரியுதே சார். இருபது, புள்ளி, ரெண்டு. நீங்கதான் இதுல எக்ஸ்பர்ட். நான் சரியாப் படிக்கிறேனா?”

நான் வாயைத் திறப்பதற்குள் மங்கை கேசரித் தட்டோடு நின்றபடியே சொன்னாள்.

“இருபதும் இருபத்தஞ்சும் நாப்பத்தஞ்சு. பிப்ரவரி.”

அவள் பழக்கதோஷத்தில் சொன்னது. கேஸ்காரரிடம் நான் சொல்லும்போது வாயசைப்பாளே, அப்படி. சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு எட்டியது. தட்டை மெதுவாக மேசையில் வைத்தாள்.

“அப்பாவுக்குக் கெடச்சது நாப்பத்து நாலு ஆனில,” என்றாள்.

எஸ்தர் அம்மாள் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். அவசரமில்லை, அட்டையை நிதானமாக எழுதி அனுப்புங்கள் என்று எழுந்துவிட்டார். கேசரியைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். நல்ல பெண்மணி.

அவர் போனதும் மங்கை என் எதிரில் உட்கார்ந்தாள்.

“எப்பலருந்து தெரியும்?”

“எது?”

“மீட்டர்காரரே, எப்பலருந்து தெரியும்?”

“தொண்ணூத்தாறு. மெட்ராஸ்ல அந்த ஜப்பான் துப்பாக்கிப் பொஸ்தகம் வாங்குனேன்ல, அப்ப.”

“கைப்பிடி?”

“கடைசிக் காலத்துல கோடு போடாமலே செஞ்சாங்க. மரம் அறுக்க நேரமில்ல.”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு போய் குக்கரை வைத்தாள். மூன்று விசில் வரும்வரை நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

6.2.2020, வியாழன்

பேசவில்லை.

7.2.2020, வெள்ளி

பேசவில்லை. சாப்பாடு எல்லாம் வழக்கம்போல். ரசத்தில் உப்பு சரியாக இருந்தது.

9.2.2020, ஞாயிறு

மோட்டார் சரியாகிவிட்டது. சொல்லப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். சொல்லாமல் வந்துவிட்டேன்.

13.2.2020, வியாழன்

இன்று நானே ஆரம்பித்தேன். அவள் மனசு நோகக் கூடாது என்றுதான் சொல்லாமல் இருந்தேன் என்றேன். தொண்ணூற்றாறில் அவள் அப்பா போய் ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது, அவளுக்கு அந்தக் கதை எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும், அதனால்தான் என்றேன். அவள் மேல் உள்ள பிரியத்தில் என்றும் சொன்னேன். அந்த வார்த்தையை நான் சொல்லி எத்தனை வருடமாகிறது என்று தெரியாது.

முழுசாகக் கேட்டாள்.

“காஜா அண்ணன மதுரையில வச்சுக் கேட்டப்ப உங்களுக்கு நம்ம துப்பாக்கி வருஷம் தெரியும்.”

“தெரியும்.”

“ஊருல ஒருத்தன் ஒரு வார்த்தை தப்பாச் சொன்னா விட மாட்டீங்க. பஸ் கண்டக்டரக்கூடத் திருத்துவீங்க. என்னைய மட்டும் மேடையேத்தி விட்டுப் பின்னாடி உக்காந்து கைதட்டிக்கிட்டு இருந்திருக்கீங்க. இருபத்து நாலு வருஷம்.” அவள் குரல் உயரவே இல்லை. “ஆஸ்பத்திரில எத்தன பேருக்கு நான் நேருக்கு நேர் சொல்லியிருக்கேன். புள்ள பொழைக்காதும்மான்னு பெத்தவகிட்டச் சொல்லியிருக்கேன். எனக்கு ஒரு துப்பாக்கி வருஷத்தத் தாங்குற தெம்பு இல்லைன்னு நீங்களா முடிவு பண்ணிட்டீங்க.”

“அப்படி இல்ல மங்கை.”

“இருங்க. நான் சொல்லி முடிச்சுர்றேன். அப்பா ஒரு நாளும் அந்த ஆத்துக் கதைய அவுக வாயால சொன்னதில்ல. சித்தப்பாதான் சொல்லுவாக. சொல்ல ஆரம்பிச்சா அப்பா எந்திரிச்சு வெளிய போயிருவாக. அடக்கம்னு நெனச்சேன். தொண்ணூத்தாறுல நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் சித்தப்பாட்டப் போய்க் கேட்டிருப்பேன். அம்மா இருந்துச்சு, அம்மாட்டக் கேட்டிருப்பேன். அந்தத் துப்பாக்கி எங்கிருந்துதான் வந்துச்சு, எங்க அப்பா அங்க என்னதான் பட்டாக, ஏன் எந்திரிச்சு எந்திரிச்சுப் போனாகன்னு. இப்ப யாருட்டப் போய்க் கேக்க? எல்லாரும் போய்ச் சேந்துட்டாக.”

இதை நான் யோசித்ததே இல்லை. இருபத்து நாலு வருடத்தில் ஒரு தடவைகூட. அவளிடமிருந்து ஒரு பொய்யை மறைக்கவில்லை, நிஜத்துக்குப் போகும் வழியைத்தான் அடைத்து வைத்திருந்தேன். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது. அவள் சமாதானம் செய்யவில்லை.

16.2.2020, ஞாயிறு

“காஜா அண்ணன் வீட்டுக்குப் போறேன். அவுக அத்தாவும் எங்க அப்பாவும் ஒண்ணாத்தான் இருந்தாக. ஏதாச்சும் தெரிஞ்சிருக்கும்,” என்று கிளம்பினாள். நீங்களும் வாங்க என்று சொல்லவில்லை. நானாகச் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் போனேன். பஸ்ஸில் அவள் பெண்கள் பக்கம், நான் ஆண்கள் பக்கம்.

காஜா வாசலுக்கு வந்தான். “வா தங்கச்சி,” என்றான். என்னைப் பார்த்து, “வாங்க சார்.”

அந்த சார் எனக்குக் குத்தியது. உட்காராமலே சொல்லிவிட்டேன். “காஜா, அன்னைக்கு மதுரையில உன்னோடத நான் கேட்டப்ப, எங்க வீட்டுல இருக்கறது இருபதாம் வருஷம்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கேட்டேன்.”

காஜா நாற்காலியை இழுத்துப் போட்டான். “உக்காருயா மொதல்ல,” என்றான்.

மங்கை தான் வந்த விஷயத்தைச் சொன்னாள். அவன் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். யாரும் தொடவில்லை.

“தங்கச்சி, அன்னைக்கு மதுரையிலருந்து வர்ற வழியெல்லாம் அத்தா ஒரு வார்த்தை பேசல. வீட்டுக்கு வந்து அஸர் தொழுதுட்டு அவுகளாவே கூப்பிட்டு உக்கார வச்சாக. கேளுடான்னாக. கேட்டேன். போர் முடிஞ்சு ஜப்பான்காரன் சரணடையுறப்ப, மலாயாவுல தைப்பிங்குல ஒரு ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி கெணத்துல துப்பாக்கியெல்லாம் வீசிட்டுப் போனானாம். தண்ணி வத்துனப்பறம் ரெண்டு பேரு கயிறு கட்டி எறங்கி ஆளுக்கு ஒண்ணு எடுத்தாகளாம். வெறுங்கையோட ஊருக்குப் போக வெக்கமா இருந்துச்சுடான்னாக. பரிசு, அதிகாரி எல்லாம் ஊருக்கு வந்தப்பறம் சேத்துக்கிட்டது. சொல்லிட்டு அழுதாக. அதுக்கப்பறம் ரெண்டு வருஷம் இருந்தாக தங்கச்சி. அந்த ரெண்டு வருஷமும் எங்கிட்ட எல்லாத்தையும் சொன்னாக. பசியில என்னத்தத் தின்னாக, யார் யாரப் பொதச்சாக, எல்லாத்தையும். அதுக்கு முந்தி அம்பது வருஷமா ஒண்ணும் சொன்னதில்ல.” என் பக்கம் திரும்பினான். “எனக்குக் கோவம் ஒரு வாரத்துல போச்சுயா. அப்பறம் வீம்புலதான் பேசாம இருந்தேன்.”

“கூட எறங்குனது யாரு அண்ணே?” என்று மங்கை கேட்டாள்.

காஜா தரையைப் பார்த்தான்.

“கருப்பணன்னு ஒரு பேரு சொன்னாக. நான் மேல கேக்கல தங்கச்சி. உங்க அப்பாவோடது ஆத்தங்கரைல குடுத்ததுன்னு ஊருக்கே தெரியுமே. இந்தா இருக்கானே உன் வீட்டுக்காரன் சிகாமணி, இவன் கையில இருக்குற துப்பாக்கி. தப்பா இருந்தா அவனே சொல்லியிருப்பானேன்னு நெனச்சேன். வேற யாரோ கருப்பணன்னு விட்டுட்டேன். அத்தா சொல்லத் தயாராத்தான் இருந்தாக. நான்தான் கேக்கல.”

உள்ளே யாரோ மிக்ஸி ஓட்டினார்கள். அது நின்றதும் மங்கை ஆறிப்போன டீயை எடுத்து முழுவதும் குடித்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. அவள் எப்போதும்போல் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள்.

20.2.2020, வியாழன்

அட்டையைப் பூர்த்தி செய்து அனுப்பினோம். செய்தது 1945 பிப்ரவரி என்று நான் எழுதினேன். கிடைத்த விதத்தை அவள் எழுதினாள். தைப்பிங்காக இருக்கலாம், உறுதியில்லை என்று எழுதியிருந்தாள். கையெழுத்து இருவரும்.

இப்போது தேவைக்குப் பேசுகிறாள். பல்டாக்டரிடம் போக நினைவுபடுத்தினாள்.

27.2.2020, வியாழன்

பள்ளித் தலைமையாசிரியைக்கு மங்கை போன் செய்து, திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் பத்து நிமிடம் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். எதற்கு என்று என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வரலாமா என்று மட்டும் கேட்டேன். “பொதுப் பள்ளிக்கூடம்தானே,” என்றாள்.

2.3.2020, திங்கள்

மைதானத்தில் வெயில் அதற்குள் ஏறிவிட்டது. பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். எனக்கு மட்டும் ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டார்கள்.

மங்கை மைக்கைப் பிடித்தாள். படம் எதுவும் கொண்டுவரவில்லை.

“குடியரசு தினத்தன்னைக்கு நான் ஒரு கதை சொன்னேன். இருபது வருஷமா உங்க அக்காமார்களுக்கும் சொல்லியிருக்கேன். அது சரியில்ல. அந்தத் துப்பாக்கி செஞ்சதே 1945லதான். 1944ல யாரும் அத யாருக்கும் குடுத்திருக்க முடியாது. கைப்பிடியும் எங்க அப்பா கை பட்டுத் தேயல. எங்க அப்பா பர்மாவுல இருந்தது நிஜம். கஷ்டப்பட்டது நிஜம். அந்தத் துப்பாக்கி எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க இருந்தாங்க. எங்க அம்மா இருந்தாங்க, சித்தப்பா இருந்தாங்க. அவங்க இருக்கும்போதே நான் கேட்டிருக்கணும். கேக்காம விட்டுட்டேன். அது என் தப்பு. உங்க வீட்டுல பெரியவங்க இருந்தா...”

என்னைக் காப்பாற்றுகிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. நன்றி தோன்றியிருக்க வேண்டும். எனக்கு வந்தது எரிச்சல். நான் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எனக்கும் சேர்த்து முடிவு செய்துவிட்டாள். நான் தாங்க மாட்டேன் என்று நினைத்துவிட்டாள். அந்த எரிச்சலிலேயே, அவளுக்கு இந்த ஒரு மாதம் எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்துபோயிற்று.

எழுந்துவிட்டேன்.

“அது தப்பு,” என்றேன். மைக் இல்லாமலே சத்தமாகத்தான் வந்தது. வரிசைகள் எல்லாம் என் பக்கம் திரும்பின. “அவங்க கேக்காம விடல. அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், 1996லருந்து. நான் சொல்லாம மறச்சேன். கேக்க வேண்டிய ஆளுக எல்லாம் செத்துப்போற வரைக்கும் மறச்சேன். தப்பு என்னோடது.”

முன்வரிசையில் இரண்டு பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தலைமையாசிரியை என்ன செய்வதென்று தெரியாமல் மங்கையைப் பார்த்தார்.

கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் நான் அவளை நாலு பேர் முன்னால் திருத்தியது இதுதான் முதல் தடவை. மங்கை மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு கையை எடுத்தாள்.

“சரி,” என்றாள், மைதானம் முழுக்கக் கேட்கும்படி. “எழுதிக்கிட்டேன். இப்ப உக்காருங்க, நான் இன்னும் முடிக்கல.”

உட்கார்ந்தேன்.